எந்தக் கண் எத்தனை நாள் காத்திருக்கும்? பெருந்தொற்றில் காவிரி டெல்டாவுக்குப் பொருந்தும் கண் சிகிச்சை வழி

கண் நோய்களில் சில மாதக்கணக்கில் காத்திருக்கும். சில ஒரு வாரம் தாங்கும். சில அன்று ராத்திரியே பார்வையைக் கொண்டுபோய்விடும். பெருந்தொற்று வந்து பஸ் நின்றுபோகும்போது கண் மருத்துவ அமைப்புகள் தங்கள் வேலையை எப்படி மாற்றிக்கொள்வது என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கொரோனா பரவிய 2020-லும் 2021-லும் நடந்த பேச்சு பெரும்பாலும் கருவிகளைச் சுற்றியே இருந்தது. வீடியோ கால் போதுமா, வேன் வாங்கலாமா, முகாமை எப்போது திரும்ப வைக்கலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், 2020 டிசம்பரில் தனி மாவட்டமான மயிலாடுதுறை ஆகிய நான்கையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இந்தப் பக்கம் இலவசக் கண் சிகிச்சைக்குக் கை கொடுப்பவர்களில் உள்ளூர்க்காரர்கள் அதிகம். லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள், ஜமாஅத்துகள், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள், திருவிழாவோடு சேர்த்து ஒரு முகாம் வைக்கிற விழாக் குழுக்கள். அடுத்த தொற்று வரும்போது எதற்குப் பணம், எதற்கு ஆள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைக்க இவர்களால் முடியும். மருத்துவமனைகளும் இவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண் மருத்துவர்கள் கதவை மூடியதற்குக் காரணம் இருந்தது. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியில் தாடையை வைத்தால் நோயாளியின் முகத்துக்கும் மருத்துவரின் முகத்துக்கும் இடையே இரண்டு சாண் இடைவெளிகூட இருக்காது. வூகானில் புதிய வைரஸைப் பற்றிச் சக மருத்துவர்களை முதலில் எச்சரித்த லி வென்லியாங் ஒரு கண் மருத்துவர். அறிகுறி எதுவும் இல்லாத ஒரு கண்ணழுத்த (கிளாக்கோமா) நோயாளியைப் பார்த்தபோது அவருக்குத் தொற்று வந்ததாகச் சொல்லப்படுகிறது. 2020 பிப்ரவரி 7 அன்று இறந்துபோனார். அதனால்தான் ஸ்லிட் லேம்பில் கண்ணாடித்தாள் மறைப்பு வந்தது, பரிசோதனையின்போது பேச வேண்டாம் என்றார்கள், காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் கருவியை ஓரமாக வைத்தார்கள். அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் நாடு முழுவதும் நின்றன.

நின்றது சரிதான். ஆனால் எதற்காக நிறுத்துகிறோம், எதை நிறுத்தக் கூடாது என்ற பட்டியலை ஊருக்கு யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மூடியிருக்கிறது என்று மட்டும் ஊருக்குத் தெரிந்தது.

காத்திருக்கும் கண், காத்திருக்காத கண்

கண்புரை காத்திருக்கும். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்கு 66.2 சதவீதக் காரணம் கண்புரைதான் என்று தெரியவந்தது. முகாம் என்றாலே நம் ஊரில் லென்ஸ் வைக்கிற ஆபரேஷன்தான். மூன்று நான்கு மாதம் தள்ளிப்போனால் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய கேடு இல்லை, ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும். இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. புரை முற்றிப்போய் லென்ஸ் உப்பினால் கண்ணழுத்தம் திடீரென ஏறும், தலைவலியும் வாந்தியுமாக வரும். அது அவசரம். இன்னொன்று, ஒரு கண் ஏற்கெனவே போய், இருக்கிற ஒரு கண்ணிலும் புரை விழுந்தவர். அவருக்கு நான்கு மாதம் என்பது நான்கு மாதம் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பது. பட்டியலில் அவரை முதலில் வைக்க வேண்டும்.

வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு வெயிலிலும் உப்பின் கூசலிலும் கருவிழி ஓரத்தில் சதை வளரும். அதுவும் காத்திருக்கும்.

கண்ணழுத்த நோய் வேறு மாதிரி. பெரும்பாலும் வலிக்காது, ஓரப் பார்வை குறைவது தெரியாது, போனது திரும்பாது. இந்த நோயாளிக்கு வேண்டியது டாக்டரைவிடச் சொட்டு மருந்து. அது ஒரு நாளும் நிற்கக் கூடாது. ஊரடங்கில் பணம் இல்லாமலோ, மருந்து கிடைக்காமலோ சொட்டு மருந்தை நிறுத்தியவர்கள் எல்லோருக்கும் ஒன்றும் ஆகாதது போலத்தான் இருந்திருக்கும். அதுதான் இந்த நோயின் கொடுமை.

சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்தவர்களுக்கு ஆரம்பத்தில் மாதம் ஒரு ஊசி போடுவார்கள். ஒன்று தவறினால் சமாளிக்கலாம், மூன்று தவறினால் பழைய பார்வை வரும் என்று சொல்ல முடியாது.

குறைமாதக் குழந்தைகளுக்குக் கொஞ்சமும் தவணை கிடையாது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, பிறக்கும்போது 2,000 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தை என்றால் அதற்கும் முன்னால். சிகிச்சை தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளில் லேசர் செய்ய வேண்டும். தவறினால் ஆயுள் முழுக்க இருட்டு. ஊரடங்கு நாளில் குழந்தையோடு வீட்டுக்குப் போன தாய்க்கு இந்த 30 நாள் கணக்கை யார் நினைவூட்டுவது?

அப்புறம் டெல்டாவுக்கே உரிய அவசரம் ஒன்று இருக்கிறது: நெல். கதிர் அறுக்கும்போது, பதர் தூற்றும்போது, ரோட்டில் காய வைத்த நெல்லை அள்ளும்போது, கொள்முதல் நிலையத்தில் மூட்டை பிடிக்கும்போது சுணையோ உமியோ கண்ணில் விழும். கருவிழியில் ஒரு கீறல். அதில் பூஞ்சை ஏறினால் சில நாளில் வெள்ளையாகப் புண் படியும். அறுப்பு மெஷின் வந்தபிறகு கையால் அடிப்பது குறைந்திருக்கிறது, ஆனால் தூசு குறையவில்லை. வீட்டில் தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், நாக்கால் எடுக்கத் தெரிந்தவரிடம் போவார்கள். இவற்றைவிட ஆபத்து மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்தை வாங்கிக்கொள்வது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் சிவப்பு குறைந்து சுகமாகத் தெரியும், உள்ளே பூஞ்சை வேகமாக வளரும். சரியான பூஞ்சை மருந்தை முதல் சில நாளிலேயே மணிக்கொரு தரம் விட்டால் கண் பிழைக்கும். இரண்டு வாரம் கழித்து வந்தால் கருவிழி மாற்று அறுவைக்குப் போகும், அதற்குப் பிறகும் பார்வை வரும் என்று உறுதி இல்லை.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரடங்கில் விவசாய வேலைக்கு விலக்கு இருந்தது. 2020 ஜூன் 12 அன்று, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, குறித்த தேதியில் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். குறுவை நன்றாகவே நடந்தது. ஆனால் மாவட்டத்துக்குள் பஸ் முழுதாக ஓடத் தொடங்கியது செப்டம்பர் 1, மாவட்டம் விட்டு மாவட்டம் செப்டம்பர் 7. அடுத்த ஆண்டும் இதே கதை. 2021 ஜூனில் தொற்று குறையாத 11 மாவட்டங்களில் தளர்வு தள்ளிப்போனது, அதில் நான்கு டெல்டா மாவட்டங்கள். ஜூன் 12 அன்று அணை திறந்தது, இங்கே பஸ் வந்தது ஜூலை 5. கண்ணில் காயம் படுகிற வேலை நடந்துகொண்டிருக்க, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி மட்டும் அடைபட்டிருந்தது. ஏசி அறையில் வேலை பார்க்கிற நகரத்துக்கு எழுதிய திட்டம் இங்கே பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

அவசர நோயாளிகளை மட்டும் தலைமை மருத்துவமனையில் பார்ப்பது முதல் வழி. தொற்று உச்சத்தில் இருக்கும் சில வாரங்களுக்கு இது தவிர்க்க முடியாதது. திருச்சி ஜோசப் கண் மருத்துவமனையோ, தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையோ திறந்திருந்தால் போதும் என்று நினைக்கலாம். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் நூறு கிலோமீட்டர். பஸ் இல்லாத நாளில் வாடகைக் காருக்குக் கூலிக்காரர் எங்கே போவார்? அதனால் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிற அமைப்பு, கூடவே ஒரு வண்டியையும் வைக்க வேண்டும். வண்டி இல்லாத அவசரச் சிகிச்சை, பக்கத்துத் தெருக்காரர்களுக்கு மட்டும்தான் அவசரச் சிகிச்சை. 2021 மே மாதம் இன்னொரு சிக்கலும் வந்தது. கருப்புப் பூஞ்சை பரவி, தமிழ்நாடு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. கண் அறுவை மருத்துவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவர்களோடு சேர்ந்து அந்த வார்டுகளில் நின்றார்கள். அதாவது பெருந்தொற்றில் தலைமை மருத்துவமனையின் டாக்டரை ஊருக்கு அனுப்ப முடியும் என்று கணக்குப் போடவே கூடாது.

இரண்டாவது, போன். தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகளை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது, வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச உதவும் அரசின் இசஞ்சீவனி வெளிநோயாளி சேவை ஏப்ரலில் வந்தது. சட்டச் சிக்கல் தீர்ந்தது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கண்ணுக்குப் போன் எவ்வளவு உதவும்? மெட்ராஸ் ஐ, கண்கட்டி, ஆபரேஷன் முடிந்து முதல் வாரம் விசாரிப்பது, சொட்டு மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பது, இவற்றுக்குப் போதும். கண்ணழுத்தத்தைப் போனில் அளக்க முடியாது, விழித்திரையைப் பார்க்க முடியாது. சிவந்த கண் போட்டோவில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கருவிழியில் படிய ஆரம்பித்த வெள்ளைப் புள்ளி, பழைய போனின் கேமராவில் விழாமலே போகலாம். போனை வைத்து மருந்து கொடுப்பதைவிட, யார் இன்றே வர வேண்டும் என்று பிரிப்பதற்கு அதைப் பயன்படுத்துவது நல்லது. வலி இருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, பார்வை மங்கியதா, வயலிலோ களத்திலோ ஏதாவது விழுந்ததா என்று நான்கு கேள்வி. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வண்டி அனுப்பு.

ஒரு இடத்தில் மட்டும் போன் எல்லாவற்றையும்விடப் பெரியது. வெற்றிலைப் பழக்கமுள்ள வீடுகளில் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்க, அது தெறித்துக் கண்ணில் விழும். அப்போது போனை எடுப்பவர் சொல்ல வேண்டியது, வண்டிக்குக் காத்திருக்காமல் உடனே சுத்தமான தண்ணீரைக் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருங்கள், ஒட்டியிருக்கும் துகளை எடுங்கள், அரை மணி நேரம் கழுவுங்கள், அப்புறம் கிளம்புங்கள் என்பதுதான். அந்த அரை மணி நேரம்தான் சிகிச்சை. அதனால் போன் எண்ணை எடுப்பவர் ரிசப்ஷனில் உட்காரும் புதியவராக இருக்கக் கூடாது. பயிற்சி பெற்ற கண் மருத்துவ உதவியாளராக இருக்க வேண்டும்.

முகாமா, பெயர்ப் பட்டியலா?

முகாம் மேல் எனக்கு மரியாதை உண்டு. கல்யாண மண்டபத்தில் காலை எட்டு மணிக்கு வரிசை, டார்ச் அடித்துப் பார்க்கும் டாக்டர், மத்தியானம் புளிசாதம், சாயங்காலம் ஒரு பஸ் நிறையப் பெரியவர்கள் ஆபரேஷனுக்குக் கிளம்புவது. பல லட்சம் பேர் பார்வை பெற்றது இந்த வழியில்தான். தொற்றுக் காலத்தில் முதலில் நிற்பதும் கடைசியில் திரும்புவதும் இதுவாகத்தான் இருக்கும். முதியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஒரே மண்டபம், ஒரே பஸ். இதை எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் ஆபத்து குறையவில்லை.

அதற்குப் பதிலாக ஊர்வாரியாகப் பெயர்ப் பட்டியல் எடுப்பது நடக்கக்கூடிய வேலை. மகளிர் சுய உதவிக் குழுவில் இரண்டு பேருக்கு ஒரு நாள் பயிற்சி போதும். வீட்டு வாசலில், மூன்று மீட்டர் தள்ளி நின்று விரல்களை எண்ணச் சொல்வது, இரண்டு கண்ணையும் தனித்தனியாக. எண்ண முடியாதவர் பெயர், எந்தக் கண், சர்க்கரை உண்டா, வீட்டில் துணைக்கு யார், போன் எண். இந்தப் பட்டியலிலிருந்து இரண்டு கண்ணும் தெரியாதவர்களை முதலில் எடுத்து, ஆறு பேர் எட்டுப் பேராக வேனில் அழைத்துப்போய், பரிசோதனை முடித்து, ஆபரேஷன் செய்து, திரும்ப வீட்டில் விடுவது. முகாமைப்போல ஒரே நாளில் நூறு பேர் வர மாட்டார்கள், பத்திரிகையில் படமும் வராது. ஆனால் வர முடியாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் பெயர் பட்டியலில் இருக்கும். சாதாரண நாளில் முகாமுக்கு வருகிறவர்கள் நடமாடத் தெம்புள்ளவர்கள், அல்லது அழைத்து வர ஆள் உள்ளவர்கள். பெண்களில் பலருக்கு இரண்டும் இல்லை. இதனால் நோயில்லாத காலத்திலும் பட்டியல் வழியே நல்லது என்பது என் எண்ணம்.

பெரிய நன்கொடையாளர்கள் அடிக்கடி கேட்பது நடமாடும் வேன். சென்னை சங்கர நேத்ராலயா ஐஐடியின் உதவியோடு அறுவை அரங்கையே பஸ்ஸுக்குள் அமைத்துக் காட்டியிருக்கிறது, அது பெரிய சாதனை. ஒரு உள்ளூர் அறக்கட்டளைக்கு அது எட்டாது. விழித்திரைக் கேமரா வைத்த சின்ன வேன் எட்டும், சர்க்கரை நோயாளிகளைப் படம் எடுத்து அனுப்ப உதவும். ஆனால் வேன் இன்று மன்னார்குடியில் இருந்தால் திருத்துறைப்பூண்டியில் இருக்காது. நெல் சுணை விழுந்த கண்ணுக்கு அடுத்த வியாழக்கிழமை வருகிற வேனால் பயனில்லை. மழை நாளில், பாலம் சின்னதான வாய்க்கால் ஊர்களுக்குள் அது திரும்பக்கூட முடியாது. பெயர் எழுதிய வேன் பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விதிவிலக்காக ஒன்று சொல்லலாம். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவும் ஒரு டெக்னீஷியனும், காரில், பிரசவம் நடக்கும் மருத்துவமனைகளுக்கு வாரம் ஒரு முறை போவது. கர்நாடகத்தில் 2008 முதல் இந்த முறையில் டெக்னீஷியன் எடுத்த படத்தை டாக்டர் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்கிறார். ஊரடங்கிலும் பிரசவ வார்டு மூடாது, அதனால் இந்தக் காரும் நிற்காது.

என் தேர்வு: சிறு நகரத்தில் நிலையான கண் மையம்

அரவிந்த் கண் மருத்துவமனை 2000களில் தேனிப் பக்கம் நீண்ட தூர வைஃபை வைத்து நடத்திக் காட்டிய முறை இது. இரண்டு அறை, ஒரு ஸ்லிட் லேம்ப், அழுத்தம் பார்க்கும் கருவி, விழித்திரைக் கேமரா, கண்ணாடி எழுத வசதி. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் இருவர் பரிசோதித்துப் படம் எடுப்பார்கள், தலைமை மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் பார்த்து நோயாளியிடமே பேசுவார். டாக்டர் பயணம் செய்ய வேண்டியதில்லை, நோயாளிக்கும் சைக்கிளில் வருகிற தூரம்.

பெருந்தொற்றுக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், கூட்டம் சேராது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர், நேரம் சொல்லி வரவழைக்கலாம். வேலை செய்பவர்கள் அதே ஊர்க்காரர்கள், இ-பாஸ் கேட்டு நிற்க வேண்டாம். போனில் செய்ய முடியாத அழுத்தம், விழித்திரை, கருவிழி மூன்றையும் இங்கே பார்க்கலாம். புண் வந்த கண்ணுக்கு அன்றைக்கே மருந்து தொடங்கலாம், பெரியதாக இருந்தால் மட்டும் வண்டி ஏற்றலாம். ஆபரேஷனுக்குப் பிந்தைய ஒரு மாதப் பரிசோதனையும் கண்ணாடியும் இங்கேயே முடியும். ஒரு மூத்த கண் மருத்துவ உதவியாளர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது: “சார், எங்களுக்கு டாக்டர் பக்கத்துல இருக்கணும்னு இல்ல, கூப்பிட்டா எடுக்கணும், அவ்வளவுதான்.”

குறை இல்லாமல் இல்லை. இது ஒரே நாளில் திறக்கிற விஷயம் கிடையாது. தொற்று வந்தபின் இடம் பார்த்து, ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்தால் அலை ஓய்ந்துவிடும். பயிற்சிக்கே ஒன்றிரண்டு ஆண்டு ஆகும். மாதாமாதம் சம்பளம் வேண்டும். முகாமுக்கு ஒரு நாள் செலவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம், மையத்துக்கு ஐந்தாண்டு வாக்குக் கொடுக்க வேண்டும். கண்ணாடி விற்பதில் வருகிற வருமானம் பாதியைத் தாங்கினாலும் மீதிக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். மின்சாரமும் இணையமும் இன்னொரு கவலை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது நம் எல்லோருக்கும் தெரியும். இன்வெர்ட்டரும் இரண்டு நிறுவனங்களின் சிம்மும் இல்லாமல் திறக்கக் கூடாது.

இருந்தும், வைத்திருக்கும் பணம் ஒரு வழிக்குத்தான் போதும் என்றால் இதற்குத்தான் போட வேண்டும் என்பேன். இடம் தேர்வதில் மட்டும் கவனம். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஏற்கெனவே தனியார் கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பேராவூரணி, கொள்ளிடம் என்று கடைக்கோடியில் தொடங்குவது முறை.

மையத்தோடு சேர்த்து இரண்டாவதாக, சொட்டு மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோவது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதைச் செய்துகாட்டிவிட்டது. கண்ணழுத்த நோயாளிகளின் பெயரும் அந்தப் பையில் சேர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதில் தவறில்லை. செலவு அதிகம் இல்லை. திறந்த பாட்டிலை ஒரு மாதத்தில் மாற்றுவது வழக்கம் என்பதால் மாதம் ஒரு நடை. சில சொட்டு மருந்துகளைத் திறக்கும்வரை குளிரில் வைக்க வேண்டும், தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்ப்பெட்டி போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு டிமோலால் என்ற சொட்டு மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பதால் கொண்டுபோகிறவர் கையில் சீட்டு இருக்க வேண்டும்.

போனும் வண்டியும் மூன்றாவது. முகாமும் பெரிய வேனும் அப்புறம்.

இதில் எதையும் தொடங்குவதற்கு முன்பே, இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடைசியாக நடத்திய முகாம்களின் பதிவேட்டை எடுத்து, கண்ணழுத்தம், சர்க்கரை விழித்திரை, ஒற்றைக் கண் பார்வை என்று குறித்திருக்கும் பெயர்களைத் தனியாக எழுதி, போன் எண் இன்னும் வேலை செய்கிறதா என்று கூப்பிட்டுப் பாருங்கள். எண் மாறியிருந்தால் ஊர்ச் செவிலியரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, குறுவை அறுவடைக்கு முன்னும் சம்பா அறுவடைக்கு முன்னும், திரும்பக் கூப்பிடுங்கள். நெல் சுணை விழுந்தால் மெடிக்கலில் மருந்து வாங்காதீர்கள் என்பதையும் அதே போனில் சொல்லிவிடலாம்.